சாம்பலில் எது நிற்கிறது? காய்ந்த புல்லைக் கொளுத்துவது பற்றி ஓர் எளிய விளக்கம்

மேட்டூர் அணை ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுவது வழக்கம். அதன் பிறகு சில வாரங்களில் டெல்டாவின் நிறமே மாறிவிடும். சம்பா அறுவடை முடிந்து, தாளடியும் அரிவாளுக்கோ இயந்திரத்துக்கோ காத்திருக்கும் மாசி மாதத்தில், ஐப்பசி கார்த்திகை மழையில் இடுப்பளவு வளர்ந்த புல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஆளில்லாத கொல்லையிலும் பழுப்பேறி நிற்கும். பனி உருகியதும் குளிர்நாடுகளில் வசந்தத்தின் தொடக்கத்தில் பழைய புல்லைக் கொளுத்துகிறார்கள். நம் பக்கத்தில் அந்த வேலைக்கு மாசியும் பங்குனியும் வாய்க்கின்றன. ஒரு தீக்குச்சி, அரை மணி நேரம், கொல்லை சுத்தம்.

ஏன் கொளுத்துகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் நான்கு விடைகள் கிடைக்கும். சாம்பல் உரமாகும், களை அழியும், பூச்சியும் எலியும் ஒழியும், மழை பெய்ததும் புதுப்புல் தளதளவென்று வரும். நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை முழுதாக எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. டில்லிப் புகை பற்றிய செய்திகள் வேறு இதனோடு கலந்துவிட்டன. பஞ்சாபில் நெல் அறுத்த சில வாரங்களுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் வயலின் தாளையே எரிக்கிறார்கள். இங்கே சம்பாவுக்குப் பின் உளுந்தோ பச்சைப்பயறோ வரும், அல்லது நிலம் சும்மா கிடக்கும். வைக்கோலுக்கும் மாட்டுக்காரர்களிடம் விலை உண்டு. ஆகவே இங்கே பேச வேண்டியது வயலை விட, வயலைச் சுற்றியுள்ள காய்ந்த புல்லைப் பற்றித்தான்.

எரிவது புல் அல்ல

விறகு அடுப்பில் சமைத்தவர்களுக்கு இது கையால் தெரிந்த செய்தி. ஈர விறகை வைத்தால் முதலில் நுனியில் நீர் கொதித்து நுரைக்கும், பிறகு வெள்ளைப் புகை வரும், அப்புறம்தான் ஊதுகுழலுக்கு மசிந்து சுடர் பிடிக்கும். அந்தச் சுடரை உற்றுப் பார்த்தால், அது விறகின் மேல் ஒட்டிக்கொண்டில்லாமல் சற்று விலகி ஆடுவது தெரியும். காரணம், எரிவது விறகு அல்ல; சூட்டில் விறகு சிதைந்து வெளிவிடும் வாயு. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரமும் புல்லும் இப்படிச் சிதையத் தொடங்குகின்றன. 300 டிகிரியை ஒட்டி அது வேகமெடுக்கிறது. இதற்கு வெப்பச்சிதைவு என்று பெயர். வாயு தீர்ந்த பிறகு மிஞ்சும் கரி, சுடரில்லாமல் சிவந்து கனன்று கொண்டிருக்கும். அதைத்தான் தணல் என்கிறோம்.

புல்லுக்கும் இதே மூன்று படிகள்தான்: ஈரம் போக வேண்டும், வாயு வர வேண்டும், கரி கனல வேண்டும். ஆனால் அடுப்பில் கட்டையை விடச் சுள்ளி சட்டென்று பிடிப்பதுபோல, மெல்லிய புல்தாளில் இந்த மூன்றும் சில நொடிகளில் நடந்து முடிந்துவிடுகின்றன. தாள் அவ்வளவு மெல்லிது என்பதால் சூடு உள்ளே போய்ச் சேரக் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே அதிகம் பேர் அறியாத ஒன்று உண்டு. உயிருள்ள புல்லின் ஈரத்தை வேர் தீர்மானிக்கிறது. செத்த புல்லின் ஈரத்தைக் காற்று தீர்மானிக்கிறது. பொரித்த அப்பளத்தை மழைநாளில் திறந்து வைத்தால் நமத்துப்போவதும், வெயிலில் காட்டினால் மறுபடி மொறுமொறுப்பாவதும் போலத்தான் இதுவும். காய்ந்த தாள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. எரியக்கூடிய பொருளுக்குள் இருக்கும் இந்த நீரின் அளவை எரிபொருள் ஈரம் என்பார்கள். மாசி மாதக் காலை ஏழு மணிக்குப் பனியில் நனைந்த திடலில் மூன்று குச்சி கிழித்தும் பிடிக்காத அதே புல், பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு பீடித் துண்டுக்குப் பிடித்துக்கொள்ளும். காலையில் கொளுத்திப் பார்த்துவிட்டு, ‘இன்னும் காயவில்லை போலிருக்கிறது’ என்று விட்டுப்போன இடத்தில், மறைந்திருந்த ஒரு பொறி உச்சி வெயிலில் கிளம்பிய கதைகள் ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

இதுவரை பார்த்தது: சூட்டில் புல் வாயுவாகிறது, அந்த வாயு எரிகிறது, செத்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பது அந்த மணி நேரத்துக் காற்றின் ஈரத்தைப் பொறுத்தது.

சூடு மண்ணுக்குள் போகிறதா?

களை அழிகிறதா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. புல்தீயின் சுடர் பல நூறு டிகிரி சூடானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி மேலே போகிறது; கீழே இறங்குவது சொற்பம்.

திரௌபதி அம்மன் கோயில் தீமிதியைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பூக்குழியில் நடப்பவரின் பாதம் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணம்தான் தணலைத் தொடுகிறது. சாம்பல் பூத்த கரியும் தன் சூட்டை விரைவில் கைமாற்றித் தருவதில்லை. பக்தியைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்ல வரவில்லை. சூடு கைமாற நேரம் வேண்டும் என்பது மட்டுமே செய்தி. சூடு ஒரு பொருளில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்வதை வெப்பக்கடத்தல் என்கிறோம். இரும்புக் கரண்டியில் அது வேகமாக நடக்கிறது. காய்ந்த மண்ணில் மிக மெதுவாக நடக்கிறது. கொளுத்திய திடலில் நடப்பது தீ, பாதமாக இருப்பது மண். தீ ஓரிடத்தில் ஒரு நிமிடம்கூடத் தங்குவதில்லை. மேற்பரப்பு பொசுங்கும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் சூடு சில டிகிரி ஏறினாலே அதிகம்.

குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஒரு கொல்லையில், தீ அணைந்து கால் மணி நேரம் கழித்து மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தேன். மேலே விரல் கனத்துக்குக் கறுப்பு. அதற்குக் கீழே வழக்கமான சாம்பல் நிற மண், தொட்டால் குளிர்ச்சி. அந்த மண்ணுக்குள் கோரைக் கிழங்குகள் மணி கோத்ததுபோல் வரிசையாக இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, அந்த மணம் மாறாமல். மேலே நடந்த அமர்க்களம் எதுவும் அதற்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

கோரையும் அருகும் தங்கள் சேமிப்பை மண்ணுக்கடியில் போட்டு வைத்திருப்பவை. கோரைக்குக் கிழங்கு, அருகுக்கு மண்ணுக்குள் ஓடும் தண்டு. ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி’ என்று மணமக்களை வாழ்த்துகிறவர்கள் அருகின் இந்தக் குணத்தை அறிந்துதான் வாழ்த்துகிறார்கள். தீ இவற்றின் இலையை எடுக்கிறதே தவிர உயிரை எடுப்பதில்லை. சொல்லப்போனால் கோரைக்கு நிழல்தான் ஆகாது. மேலே மூடியிருந்த காய்ந்த புல்லை எரித்து வெயிலைத் திறந்துவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். நிலத்தின் மேல் உதிர்ந்து கிடக்கும் சில விதைகள் வேகும் என்பது உண்மை. நாம் திட்டித் தீர்க்கும் களைகள் அவை அல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. குப்பையையும் மட்டையையும் கட்டையையும் ஓரிடத்தில் குவித்து எரித்தால், அங்கே தணல் பல மணி நேரம் தங்கும். அடியிலுள்ள மண் செங்கல்போல் சிவந்து வெந்துவிடும். அந்த வட்டத்தில் ஒரு பருவம்வரை ஒன்றும் சரியாக முளைக்காததைப் பலரும் கண்டிருப்பார்கள். அங்கே களையோடு மண்ணின் உயிரும் போய்விடுகிறது.

சரி, கொளுத்திய இடத்தில் புதுப்புல் அவ்வளவு பசுமையாக வருகிறதே, அது எப்படி? மேலே நிழல் இல்லை, கறுத்த தரை வெயிலை நன்றாக வாங்கிச் சூடாகிறது, கிழங்கிலும் தண்டிலும் சேமித்த உணவு இருக்கிறது; கோடை மழை ஒன்று விழுந்ததும் குருத்து கிளம்புகிறது. அதே புல்லை அரிவாளால் ஒட்ட அறுத்து அள்ளிப் போட்டிருந்தாலும் குருத்து வந்திருக்கும். கறுப்புத் தரையில் பச்சை எடுப்பாகத் தெரிகிறது, அறுத்த தாள்களின் பழுப்புக்கு நடுவே மங்கலாகத் தெரிகிறது என்ற கண் மயக்கமும் இதில் பாதி உண்டு. ஐயமிருப்பவர்கள் ஒரே திடலில் ஒரு பாகத்தை அறுத்தும் ஒரு பாகத்தைக் கொளுத்தியும் பார்க்கலாம்.

சுருக்கமாக: ஓடும் புல்தீ தரையின் மேல்தோலைத்தான் தொடுகிறது. கிழங்குக் களைகள் தப்பிவிடுகின்றன. பசுமை வருவது அவற்றின் சேமிப்பிலிருந்து.

பெயரிலேயே இருக்கும் விடை

“சாம்பல் போட்டா மண்ணுக்கு நல்லதுதானே தம்பி?” என்று பக்கத்துக் கொல்லைப் பெரியவர் கேட்டார். கேள்வியில் தவறில்லை. நம் வீடுகளில் அடுப்புச் சாம்பலைக் கத்தரிச் செடிக்கும் வாழைக்கும் போடுவது பழைய வழக்கம். ஆனால் எந்தச் சத்து என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

பயிருக்கு அதிகம் வேண்டிய மூன்று சத்துகளுக்குத் தமிழில் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தழை தழைக்க வைப்பது நைட்ரஜன். மணி பிடிக்க வைப்பது பாஸ்பரஸ். எரித்த பிறகும் சாம்பலில் நிற்பது பொட்டாசியம். யூரியாக் கடையில் நாளெல்லாம் புழங்கும் இந்தச் சொற்களே கேள்விக்குப் பாதி விடை சொல்லிவிடுகின்றன. சாம்பல்சத்தில் பெரும்பகுதி சாம்பலில் தங்குகிறது. மணிச்சத்திலும் கணிசமான பங்கு தங்குகிறது. தழைச்சத்து ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிப் புகையோடு போய்விடுகிறது.

கணக்குக்கு வைக்கோலை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து என்பதால், ஒரு டன்னை எரிப்பது 11 முதல் 17 கிலோ யூரியாவைப் புகையாக விடுவதற்குச் சமம். வரப்புப் புல்லில் அளவுகள் சற்று மாறலாம். எது போகிறது, எது நிற்கிறது என்பது மாறாது.

நிற்கும் சாம்பலும் நிற்கிற இடத்திலேயே நிற்பதில்லை. பங்குனிக் காற்று அதைத் தூக்குகிறது, முதல் கோடை மழை அதை வாய்க்காலுக்கு அடித்துச் செல்கிறது. தவிர, சாம்பல் காரத்தன்மை உடையது. கடைமடைப் பக்கத்தில் ஏற்கெனவே காரம் ஏறிக் களர் தட்டிய மண்ணுக்கு அது எந்த விதத்திலும் உதவி இல்லை.

மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எரிக்காமல் உழுது மடக்கினால் மட்டும் உடனே எல்லாம் சரியாகிவிடாது. தாளை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். தாளில் அது குறைவு என்பதால் அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் நட்ட பயிர் மஞ்சளித்து நிற்கும். இதைக் கண்டுதான் பலர் ‘தாளை மடக்கினால் பயிர் கெடுகிறது’ என்று முடிவுகட்டிவிட்டார்கள். அது கடன், மட்கிய பின் திரும்பி வரும். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 வரை நமக்குக் கால அவகாசம் இருக்கிறது, ஆனால் மட்குவதற்கு ஈரம் வேண்டும். கோடை மழையை ஒட்டி மடக்குவதுதான் பயன்தரும்.

பூச்சி, எலி, புகை

குருத்துப்பூச்சியின் புழு தாளின் அடிக்கட்டைக்குள் ஒடுங்கி இருக்கும். மேலே ஓடும் தீ அதில் சிலவற்றை அழிக்கும், பலவற்றை விட்டுவிடும். எலி வளைக்குள் இருக்கிறது. கிட்டி வைத்து எலி பிடிக்கும் டெல்டாக்காரர்கள் வளையைத் தேடுவது காரணமில்லாமல் அல்ல. தீயில் சிக்குபவை தரைமேல் ஊர்பவை: பூச்சி தின்னும் சிலந்திகள், எலி தின்னும் சாரைப்பாம்பு. கணக்கு நமக்கு எதிராகத்தான் முடிகிறது.

புகையைப் பற்றி ஒரு சொல் மட்டும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகளை நுண்துகள் என்கிறார்கள்; தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை போகிறது. அரைகுறையாகக் காய்ந்த புல்தான் அதை அதிகம் கக்கும். காற்று அடங்கியிருக்கிறதே என்று மாலையில் கொளுத்துபவர்கள் இதை நினைப்பதில்லை: பின்பனிக் கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, புகை மேலே ஏற வழியின்றிக் கூடம்வரை வந்து படுத்துக்கொள்ளும்.

தீ எந்தப் பக்கம் நடக்கும்

எனக்குக் கவலை தருவது உரக் கணக்கை விட இதுதான். தீயைக் காற்று இரண்டு விதமாக நடத்துகிறது. காற்றோடு போகும் தீயில் சுடர் முன்னால் சாய்ந்து, இன்னும் எரியாத புல்லை நக்கிச் சூடேற்றி வாயுவாக்கிக்கொண்டே போகும். மனிதன் ஓடிப் பிடிக்க முடியாத வேகமும் வரலாம். காற்றை எதிர்த்து வரும் தீயில் சுடர் எரிந்து முடிந்த பக்கமே சாயும். அது நத்தைபோல் ஊர்ந்து வரும். எந்த முனையில் வைத்தோம் என்பதைப் பொறுத்து ஒரே புல் இரண்டு விதமான தீயாகிறது.

நம் பக்கத்தில் காற்று ஒரு நாளுக்குள் திசை மாறும். காலையில் நிலத்திலிருந்து மெல்ல வீசுவது, வெயில் ஏறியதும் கடற்காற்றாகக் கிழக்கிலிருந்து திரும்புகிறது. நாகைப் பக்கம் முன்னதாக வரும், உள்ளே தஞ்சைப் பக்கம் பிந்தி வரும். கொண்டல் திரும்பும் அந்த நேரத்தில், காலையில் சாதுவாக ஊர்ந்துகொண்டிருந்த தீயே ஓடும் தீயாகிவிடும். பக்கத்தில் உளுந்து முற்றிக் காய்ந்து நிற்கலாம். அதற்கு அப்பால் வைக்கோல் போரும் கீற்றுக் கொட்டகையும் இருக்கலாம்.

வாய்க்கால் இருக்கிறதே, தாண்டாது என்ற நம்பிக்கை இன்னொன்று. தண்ணீர் ஓடும் வாய்க்கால் தீயைத் தடுக்கும் என்பது சரி. ஆனால் அணை மூடியபின் வாய்க்கால் வறண்டு, இரு கரையிலும் நாணலும் உள்ளே சம்பும் காய்ந்து கிடக்கும் நாளில்தான் நாம் கொளுத்துகிறோம். அப்போது வாய்க்கால் தடுப்பாக இருப்பதில்லை, வெடிக்கு வைத்த திரியாக இருக்கிறது. ஒரு கொல்லைத் தீயை அடுத்த ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பனைமரமும் அப்படியே. பல ஆண்டுகளாகக் கழிக்காத காவோலை பாவாடைபோல் தரைவரை தொங்கும் மரத்தில் புல்தீ பட்டால், அது ஏணி கிடைத்ததுபோல் உச்சிக்கு ஏறி, எரியும் ஓலைத் துண்டுகளைக் காற்றில் விடும். அந்தத் துண்டுகளுக்கு வரப்பும் தெரியாது, வேலியும் தெரியாது.

கொளுத்தாமல், அல்லது கொளுத்தியே தீர வேண்டுமானால்

டெல்டா இந்தச் சிக்கலுக்குக் கண்ட பழைய விடை கிடை. கோடையில் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வரும் ஆட்டு மந்தைகளை இரவில் வயலில் மடக்கி வைப்பது இன்றும் நடக்கிறது. பகலில் மேய்ந்த புல்லின் தழைச்சத்து, புழுக்கையும் மூத்திரமுமாக மண்ணுக்கே வந்து சேர்கிறது. புகை செய்ய முடியாத வேலை அது. கிடை வராத சிறிய கொல்லையில் அறுத்துத் தென்னம்பாத்தியில் மூடாக்காகப் போடுவதே என் பரிந்துரை. ஈரமும் காக்கும், மெல்ல மட்கவும் செய்யும். கூலி அதிகம்தான், மறுக்கவில்லை.

அதையும் மீறிக் கொளுத்த வேண்டிய இடங்கள் இருக்கலாம். முதலில் ஊராட்சியிலும் தீயணைப்பு நிலையத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. எல்லையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் அகலமாகப் புல்லைச் செதுக்கி வெறும் தரையாக்கி, பம்புசெட்டு ஓடுகிறதா என்று பார்த்து, பக்கத்து நிலத்தாரிடம் சொல்லி, காற்று போகும் பக்கத்து எல்லையில் தொடங்கித் தீ காற்றை எதிர்த்து வரும்படி, சிறு சிறு பாத்தியாகத்தான் வைக்க வேண்டும். மின்கம்பிக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அடர்ந்த புகையும் சுடருமே மின்சாரம் தரைக்குப் பாய வழி செய்துவிடும். கை மீறுகிறது என்று தோன்றிய உடனே 101. பச்சைக் கிளையால் அடித்து அணைக்கலாம் என்று நேரம் கடத்தக் கூடாது.

தீ அணைந்ததும் வேலை முடிவதில்லை. நீறு பூத்த நெருப்பு என்ற சொல் நமக்குப் பழகிப்போன உவமை. கொல்லையில் அது உவமையே அல்ல. காய்ந்த சாணமும் பனை அடிக்கட்டையும் சாம்பலுக்குள் சுடரும் புகையும் இல்லாமல் கனன்றுகொண்டே இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. தண்ணீர் தெளித்துக் கிளறிவிட்டு, புறங்கையை முதலில் சாம்பலுக்கு மேலே பிடித்து, சூடு தெரியாவிட்டால் மட்டும் மெல்லத் தொட்டு, இடம் இடமாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். குடமுருட்டிக் கரைக் கொல்லையில் எல்லாம் ஆறிவிட்டது என்று நாங்கள் வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை, ஒரு பனங்கட்டையின் பொந்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனபோது, தோசைக்கல்லில் மாவு ஊற்றும் முன் அடிக்கும் அதே சூடு அடித்தது.